புள்ளி பெரிதானால் மட்டும் போதுமா?

மார்பகத்தை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த பின்னர், "இன்னுமொரு படம் எடுக்க வேண்டியிருக்கிறது, வாருங்கள்" என்று வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தால், நம்மவர் வீடுகளில் இரண்டு விதமான பேச்சுக்கள் கிளம்பும். "முதற்படத்தை ஒழுங்காக எடுக்கவில்லை போலும், அதுதான் மறுபடி கூப்பிடுகிறார்கள்" என்பது ஒன்று. "நிச்சயம் அந்த வருத்தந்தான், நேரே சொல்ல மனமில்லாமல் கூப்பிடுகிறார்கள்" என்பது மற்றது. முதற் பேச்சை நம்பியவர் போகமாட்டார். இரண்டாவதை நம்பியவர் போக அஞ்சுவார். ஆக, இரண்டு பேச்சுமே ஒரு பெண்ணை வீட்டிலேயே இருத்தி விடுகின்றன.

2023ஆம் ஆண்டு என் மூத்த ராத்தாவுக்கு இப்படியோர் அழைப்பு வந்தது. அவருக்கு அப்போது வயது 53. கட்டியோ நோவோ எதுவும் இல்லை. மகளின் வற்புறுத்தலால் மெமோகிராம் எடுத்திருந்தார். ஒரு பக்கத்தில் பொடிப் பொடியான வெள்ளைப் புள்ளிகள் சில கூட்டமாகத் தெரிவதாகவும், அந்த இடத்தை மட்டும் பெருப்பித்துப் படம் எடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராத்தா போக மறுத்து விட்டார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்:

"படம் கம்பியூட்டரில்தானே இருக்கு தம்பி? போனில ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்குற மாதிரி அதைப் பெருசாக்கிப் பாத்தாப் போதாதா? எதுக்கு இன்னொரு தரம் என்னைப் போட்டு நசுக்கணும்?"

கட்டாரிலிருக்கும் மருமகனும் அதே கருத்தைத்தான் சொன்னார். படத்தைப் போனில் எடுத்து அனுப்பினால், தான் வேலை செய்யுமிடத்திலுள்ள டொக்டர் ஒருவரிடம் காட்டிக் கேட்பதாகவும் சொன்னார்.

ராத்தாவின் கேள்வி நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத காரணத்தால் எத்தனையோ பெண்கள் இரண்டாவது படத்துக்குப் போகாமல் இருந்து விடுகிறார்கள். ஒரு மௌலவி எழுதும் விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். அறிந்து கொள்வதற்கு வெட்கப்படாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி அவர்கள் பாராட்டியதை நம் பெண்கள் அறிவார்கள். அவர்கள் வெட்கப்படாமல் கேட்டதற்கு நாம் வெட்கப்பட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது முறையாகாது. ராத்தாவுடன் போய் அங்கிருந்த பெண் டொக்டரிடம் கேட்டும், பின்னர் தேடி வாசித்தும் நான் விளங்கிக் கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புள்ளிகள் எவை?

மெமோகிராமில் தெரியும் இந்த வெள்ளைப் புள்ளிகள் மார்பகத் திசுக்களில் படிந்த கல்சியத் துணிக்கைகள். பால் குடிப்பதாலோ கல்சியம் மாத்திரை விழுங்குவதாலோ இவை உண்டாவதில்லை. 50 வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் படத்தில் ஏதோவொரு வகைக் கல்சியப் புள்ளி தென்படும். அவற்றுள் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் இல்லாதவை.

ஆனால், பால் செல்லும் நுண்குழாய்களுக்குள் ஆரம்ப நிலையில் அடங்கியிருக்கும் புற்றும் பல வேளைகளில் இப்படியான புள்ளிகளாகவே முதன்முதலில் தன்னைக் காட்டிக் கொள்கிறது. அந்த நிலையில் கையால் தடவினால் எதுவும் அகப்படாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய டொக்டர்மார் பார்ப்பது புள்ளியின் வடிவத்தையும் அவை அமைந்திருக்கும் ஒழுங்கையுமே. உருண்டையாக, ஒரே அளவாக இருந்தால் கவலை குறைவு. உடைந்த கல்லைப்போல ஒழுங்கற்று, அல்லது மெல்லிய கோடாகக் கிளைவிட்டு இருந்தால் கவலை அதிகம். இந்தத் துணிக்கைகளில் பல அரை மில்லிமீற்றருக்கும் குறைந்தவை. அவ்வளவு சிறியதன் ஓரம் வட்டமா முள்ளா என்று தெரிந்தாக வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல்.

கம்பியூட்டரில் பெருப்பித்தால் என்ன ஆகும்?

எங்கள் மத்ரஸாவில் பழைய கிதாபுகளை மாணவர்களுக்குப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுப்போம். கொப்பியிலிருந்து கொப்பி எடுத்து, அதிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்தால் எழுத்துக்களின் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். அரபு ஓதத் தெரிந்த எல்லோருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். கீழே ஒரு புள்ளி என்றால் 'பா', மேலே இரண்டு என்றால் 'தா', மூன்று என்றால் 'ஸா'. மேலேயிருக்கும் புள்ளி இரண்டா மூன்றா என்று தெரியாவிட்டால் சொல்லே மாறிப் போகும். அந்த மங்கிய தாளை மெஷினில் வைத்து இரண்டு மடங்கு பெருப்பித்து எடுத்தால் என்ன கிடைக்கும்? பெரிய கறுப்புத் திட்டுத்தான் கிடைக்கும். இரண்டா மூன்றா என்பது அப்போதும் தெரியாது. மூலக் கிதாபை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திரும்பவும் தெளிவாகக் கொப்பி எடுப்பது ஒன்றே வழி.

டிஜிட்டல் மெமோகிராமும் இப்படித்தான். எக்ஸ்ரே விழும் தட்டு பொடிப்பொடிக் கட்டங்களால் ஆனது. இயந்திரத்தைப் பொறுத்து ஒரு கட்டத்தின் அகலம் 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒவ்வொரு கட்டமும், தன்மேல் எவ்வளவு கதிர் விழுந்தது என்ற ஒரேயொரு எண்ணை மட்டும் பதிவு செய்யும். 0.1 மில்லிமீற்றர் கட்டமுள்ள தட்டில் 0.2 மில்லிமீற்றர் அகலமான துணிக்கை ஒன்று விழுந்தால், குறுக்கே இரண்டு கட்டம், நெடுக்கே இரண்டு கட்டம், ஆக மொத்தம் நான்கே நான்கு கட்டங்களில்தான் அதன் செய்தி இருக்கிறது. நான்கு கட்டங்களை வைத்து ஒன்று வட்டமா முள்ளா என்று யாரால் சொல்ல முடியும்? கம்பியூட்டரில் அதை இரண்டு மடங்காக்கினால் நான்கு கட்டங்கள் பதினாறாகத் தோன்றும். ஆனால், புதிதாகத் தெரியும் பன்னிரண்டும் கம்பியூட்டர் அக்கம் பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்பியவை. பெண்ணின் உடலிலிருந்து வந்த செய்தி அவற்றில் இல்லை.

இதனால் கம்பியூட்டரில் பெருப்பிப்பது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். முன்பு பிலிம் இருந்த காலத்தில் டொக்டர்மார் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் கொண்டு அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். இன்று அந்த வேலையைக் கம்பியூட்டர் செய்கிறது. பதிவாகியிருக்கும் ஒன்றைக் கண் தவறவிடாமல் பார்க்க அது பெரிதும் உதவும். ராத்தாவின் புள்ளிகளைக் கண்டு பிடித்ததே அப்படிப் பெருப்பித்துப் பார்த்ததால்தான். பதிவாகாத ஒன்றைக் கொண்டு வருவதற்குத்தான் அதற்குச் சக்தியில்லை.

நிழலைப் பெரிதாக்கும் வழி

இரண்டாவது படம் வேறொரு வழியில் எடுக்கப்படுகிறது. இரவில் கரண்ட் போன நேரம் மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகள் சுவரில் கைநிழல் காட்டி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கை சுவரோடு ஒட்டியிருந்தால் நிழல் கையளவே இருக்கும். கையை விளக்குக்குக் கிட்டக் கொண்டு போனால் நிழல் பூதாகாரமாகும். எக்ஸ்ரே படமும் ஒரு நிழல்தான்.

முதற்படம் எடுக்கும்போது மார்பகம் பதிவுத் தட்டின் மேலேயே வைத்து அழுத்தப்படுகிறது. கதிர் புறப்படும் இடம் சுமார் 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். எனவே நிழல் ஏறக்குறைய உள்ளபடியான அளவிலேயே விழும். பெருப்பித்து எடுக்கும்போது தட்டுக்கு மேலே ஒரு சிறிய மேடையைப் பொருத்தி, அதன் மேல் மார்பகத்தை வைக்கிறார்கள். அந்தத் துணிக்கைகள் கதிர் புறப்படும் இடத்திலிருந்து 36 சென்ரிமீற்றர் தூரத்துக்கு வந்து விட்டால், 65ஐ 36ஆல் வகுக்க 1.8 வரும். நிழல் 1.8 மடங்கு பெரிதாகத் தட்டில் விழும். 0.2 மில்லிமீற்றர் துணிக்கையின் நிழல் இப்போது 0.36 மில்லிமீற்றர். நான்கு கட்டங்களில் அடங்கியது ஏறத்தாழப் பதின்மூன்று கட்டங்களில் விழுகிறது. இந்தப் பதின்மூன்றும் உடலினூடாக வந்த கதிர் நேரடியாக எழுதியவை. மூலக் கிதாபிலிருந்து திரும்ப எடுத்த கொப்பி இதுவே.

நிழலின் ஓரம்

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. அதை விளங்கிக் கொள்ள எனக்கு நான் படிப்பிக்கும் பாடமே கைகொடுத்தது. அஸர் நேரத்தை அறிய முற்றத்தில் குச்சி நட்டு நிழல் அளக்க மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு மீற்றர் குச்சியின் அடியில் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போலிருக்கும். நுனிக்குப் போகப் போக ஓரம் கலைந்து, ஒரு விரல் அகலத்துக்கு மங்கி விடும். எங்கே கோடு கீறுவது என்று மாணவர்கள் தகராறு படுவார்கள். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அகலமுள்ள தட்டாக இருப்பதே காரணம். அதன் ஓர் ஓரத்திலிருந்து வரும் ஒளி ஓரிடத்திலும், மற்ற ஓரத்திலிருந்து வரும் ஒளி வேறோரிடத்திலும் நிழலை முடித்து வைக்கிறது. பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் கி.பி. 1040ஆம் ஆண்டளவில் காலமான இப்னுல் ஹைதம் அவர்கள் நிழல்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதி, முழு இருளையும் அரை நிழலையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே குழாயிலும் கதிர் ஒரு புள்ளியிலிருந்து வருவதில்லை. சிறிய ஓர் இடத்திலிருந்து வருகிறது. சாதாரண மெமோகிராமுக்கு அந்த இடத்தின் அகலம் சுமார் 0.3 மில்லிமீற்றர். மார்பகம் தட்டோடு ஒட்டியிருக்கும்போது அது போதும். மார்பகத்தை மேலே தூக்கினால், குச்சியின் நுனி நிழலைப்போல ஓரம் மங்கத் தொடங்கும். நமது கணக்கின்படி அந்த மங்கல் 0.24 மில்லிமீற்றர். துணிக்கையின் நிழலே 0.36 மில்லிமீற்றர்தான் என்றால், அதில் 0.24 மங்கலாகிப் போனால் என்ன மிஞ்சும்? ஆகையால், பெருப்பித்து எடுக்கும்போது இயந்திரம் 0.1 மில்லிமீற்றர் அளவான நுண்ணிய இடத்திலிருந்து கதிரை அனுப்புகிறது. மங்கல் 0.08 ஆகச் சுருங்குகிறது. வடிவம் தெரிகிறது.

இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்கள் அந்த அறையில் அனுபவிப்பவை பலவற்றுக்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது.

அவ்வளவு நுண்ணிய இடத்திலிருந்து ஒரே நேரத்தில் நிறையக் கதிரை அனுப்பினால் குழாய் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப முடியும். எனவே படம் எடுக்கும் நேரம் கூடுகிறது. "மூச்சைப் பிடித்துக் கொள்ளுங்கள், அசைய வேண்டாம்" என்று முதல் தடவையை விட அழுத்தமாகச் சொல்வது அதனால்தான். கொஞ்சம் அசைந்தாலும் பட்டபாடு வீண்.

மேடையில் முழு மார்பகத்தையும் எடுத்தால் நிழல் தட்டுக்கு வெளியே போய்விடும். அத்துடன் கதிர் புறப்படும் இடத்துக்குக் கிட்ட இருப்பதால் அந்தப் பகுதிக்குக் கதிர் கூடுதலாகப் படும். ஆகவே சந்தேகமான இடத்தை மட்டும் சிறிய தட்டு ஒன்றால் அழுத்தி எடுக்கிறார்கள். ஓரிடத்தில் அழுத்தம் கூடுதலாகத் தோன்றுவது இதனால். எல்லாப் பெண்களுக்கும் முதலிலேயே பெருப்பித்து எடுக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கதிரைப் பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. இரு பக்கமும் எடுக்கும் ஒரு சாதாரண மெமோகிராமில் கிடைக்கும் கதிரளவு சுமார் 0.4 மில்லிசீவேர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஏழு வாரங்களில் நமக்கு வந்து சேரும் அளவுக்கு இது சமம்.

இன்று நேற்று வந்ததல்ல

மார்பகத்தை எக்ஸ்ரேயில் பார்க்கும் முயற்சி நூறு வருடங்களைத் தாண்டி விட்டது. பேர்லின் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பர்ட் சலமன், வெட்டியகற்றிய சுமார் 3000 மார்பகங்களைப் படமெடுத்து, 1913இல் தம் முடிவுகளை வெளியிட்டார். புற்றுக்குள் சிறு புள்ளிகள் தெரிவதை அவர் அப்போதே குறித்து வைத்தார். புற்றை அறிய இந்தக் கல்சியப் புள்ளிகள் உதவும் என்பதை உருகுவே நாட்டு டொக்டர் ராவுல் லெபோர்ன் 1951இல் எடுத்துக் காட்டினார். பெருப்பித்துப் படமெடுக்கும் முறையை அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சிக்கிள்ஸ் என்பவர், குனியோ டோய் முதலியோருடன் சேர்ந்து ஆராய்ந்து 1977இல் வெளியிட்டார். அமெரிக்காவில் முதலாவது டிஜிட்டல் மெமோகிராம் இயந்திரத்துக்கு அனுமதி கிடைத்தது 2000ஆம் ஆண்டில். அதன் பின்னர் ராத்தா கேட்ட அதே கேள்வியை டொக்டர்மாரே தமக்குள் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். தட்டுக்களின் கட்டங்கள் நுண்ணியதாக நுண்ணியதாக, கம்பியூட்டரில் பெருப்பிப்பதன் பயனும் கூடத்தான் செய்கிறது. அப்படியிருந்தும் கல்சியப் புள்ளிகள் சந்தேகமாக இருந்தால், மேடையில் வைத்துப் பெருப்பித்து எடுப்பதே இன்றும் வழக்கத்திலுள்ள முறை.

ராத்தாவின் படம்

ராத்தா இறுதியில் போனார். மகள் கூடவே உள்ளே நின்றார். படமெடுத்தவரும் ஒரு பெண்மணியே. மேலிருந்து ஒன்றும், பக்கவாட்டிலிருந்து ஒன்றுமாக இரண்டு படங்கள் பெருப்பித்து எடுத்தார்கள். பக்கவாட்டில் எடுத்த படத்தில் புள்ளிகள் பிறையைப்போல வளைந்து, அடிப்பக்கம் தடித்துத் தெரிந்தன. டொக்டர் ராத்தாவின் சம்மதத்தோடு அதை எங்களுக்கும் காட்டி விளக்கினார். மார்பகத்திலுள்ள சின்னஞ்சிறு நீர்ப்பைகளில் கல்சியத் தூள் அடியில் படிந்திருக்கிறதாம். கலக்காத பிளேன்டீயின் அடியில் சீனி கிடப்பது போல. மேலிருந்து பார்த்தால் மங்கிய வட்டமாகவும், பக்கத்திலிருந்து பார்த்தால் கோப்பையின் அடிபோலவும் தெரியுமாம். டொக்டர்மாரும் இதற்குத் தேநீர்க் கோப்பையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இது தீங்கற்றது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் வேலையும் தேவைப்படவில்லை.

முதற்படத்தைக் கம்பியூட்டரில் பத்து மடங்கு பெருப்பித்தாலும் அந்தப் பிறை வடிவம் வந்திருக்காது. கட்டாருக்கு அனுப்பியிருந்தால் இன்னும் மோசம். திரையில் தெரியும் படத்தைப் போனில் பிடித்து அனுப்பும்போது இருக்கும் நுண்மையிலும் பெரும்பகுதி போய்விடும். வேறொரு டொக்டரின் கருத்து வேண்டுமானால், வைத்தியசாலையில் கேட்டு, படங்கள் உள்ள சீ.டி.யை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டி வரும். சிலருக்குப் புற்று என்றே தெரிய வரும். அவர்களுக்கும் அது கையில் அகப்படாத பருவத்திலேயே தெரிய வருவது எவ்வளவோ மேல். ஆயினும், அமெரிக்காவின் கணக்குப்படி இவ்வாறு திரும்ப அழைக்கப்படும் பெண்கள் பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே புற்று இருக்கிறது. அழைப்பு என்பது தீர்ப்பல்ல, கேள்விதான்.

சகோதரிகள் சில விஷயங்களை மனதில் வைத்துக் கொண்டால் நல்லது. படமெடுக்கப் போகும் நாளில் கக்கத்திலும் மார்பிலும் பவுடரோ வாசனைப் பூச்சுக்களோ பூச வேண்டாம். அவையும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியக்கூடும். முன்பு எடுத்த படங்கள் இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கள். பழைய புள்ளியா புதிய புள்ளியா என்பதே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லி விடும். பெண் ஒருவர்தான் படமெடுப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்ளலாம், அதில் தவறில்லை. கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் சுருங்கினாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்காமல் டொக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டுப் பெண்களிடையே ஆகக் கூடுதலாகக் காணப்படும் புற்று மார்பகப் புற்றே. "ஒரு தரம் எடுத்தாச்சுதானே, இனி எதுக்கு?" என்று வீட்டில் ஒருவர் சொன்னாற் போதும், ஏற்கெனவே பயந்திருக்கும் பெண் அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்து விடுவாள். அப்படிச் சொல்லாமல், பஸ் செலவைக் கையில் கொடுத்து, கூடப் போய், வெளியிலுள்ள வாங்கில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருங்கள்.